நெட் சுற்றுகிறதா? ரூட்டரை மாற்றும் முன் லேப்டாப் கார்டைப் பாருங்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, கோத்தகிரி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, நெட் சுத்திக்கிட்டே இருக்கு. ரூட்டரை மாத்திடலாமா?" சரி என்று தலையாட்டினால் எனக்கு ஒரு வியாபாரம். ஆனால் மாற்றியும் சுற்றினால், அடுத்த வாரம் அதே ஆள் கடை வாசலில் நிற்பார். அதனால் முதலில் லேப்டாப்புக்குள் என்ன வைஃபை கார்டு (ரூட்டரோடு பேசும் சின்னப் பலகை) இருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். சொல்லிச் சொல்லி வாய் வலித்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெட்டியில் 802.11 என்று போட்டு, பக்கத்தில் என், ஏசி, ஏஎக்ஸ் என்று எழுத்துகள் இருக்கின்றன. அவை என்ன?

802.11 என்பது கம்பியில்லா உள்ளூர் வலையமைப்புக்காக ஐஈஈஈ என்ற பொறியாளர் அமைப்பு எழுதிய தரநிலையின் எண். 1997இல் முதல் பதிப்பு வந்தபோது அதன் வேகம் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்). பின்னால் வரும் எழுத்து, அதன் மேல் வந்த திருத்தத்தைக் குறிக்கிறது. 1999இல் பி (11 எம்பிபிஎஸ்), அதே வருடம் ஏ (54, ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்), 2003இல் ஜி, 2009இல் என், 2013இல் ஏசி, 2021இல் ஏஎக்ஸ். இந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு கடையில் யாருக்கும் எதையும் விளக்க முடியவில்லை. 2018இல் வைஃபை கருவிக் கம்பெனிகளின் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் நல்ல காரியம் ஒன்று செய்தது: என் என்பது வைஃபை 4, ஏசி வைஃபை 5, ஏஎக்ஸ் வைஃபை 6 என்று எண் கொடுத்தது. இப்போது கடைக்கு வந்திருக்கும் வைஃபை 7, எழுத்துக் கணக்கில் பிஈ.

ரூட்டர் வைஃபை 6. லேப்டாப் பழசு. எந்த வேகம் கிடைக்கும்?

லேப்டாப்பின் வேகம்தான். ரூட்டரும் கார்டும் பேசிக்கொள்ளும்போது இருவருக்கும் தெரிந்த பாஷையில்தான் பேசும். ஒருவருக்கு எங்கள் நீலகிரியின் படுகு மொழி மட்டும் தெரியும், இன்னொருவருக்குப் படுகு, தமிழ், இங்கிலீஷ் மூன்றும் தெரியும் என்றால் பேச்சு படுகில்தானே நடக்கும்?

எண்களாகப் பாருங்கள். ஒற்றை ஆண்டெனா உள்ள வைஃபை 4 கார்டு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனலில் (அலை ஓடும் பாதை) அதிகபட்சம் 72 எம்பிபிஎஸ் இணைப்பு போடும். 40 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தால் 150. இரண்டு ஆண்டெனா என்றால் 300. வைஃபை 5 கார்டு 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒற்றை ஆண்டெனாவில் 433, இரட்டையில் 867. அதே 80இல் வைஃபை 6 இரட்டை ஆண்டெனாவில் 1201. எல்லாம் காற்றில் போடும் இணைப்பின் வேகம். கையில் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதி, நல்ல நாளில் அதற்குக் கொஞ்சம் மேல்.

வெலிங்டனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறார், ஸ்பீட் டெஸ்டில் 38தான் வருகிறது. இரண்டு வருடத்தில் இரண்டு ரூட்டர் மாற்றிவிட்டார். லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் ஒற்றை ஆண்டெனா கார்டு. பக்கத்து வீடுகளின் ரூட்டர்களும் அதே அலைவரிசையில் இருந்ததால் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கிடைக்கவில்லை. 72இல் பாதி 36. அவருடைய 38 அந்தக் கார்டுக்கு நல்ல மதிப்பெண் என்று சொன்னேன். "அப்ப ரூட்டர் பாஸ், நான்தான் ஃபெயில் போட்டுட்டேன்" என்றார்.

என் கார்டு எது என்று எப்படிப் பார்ப்பது?

விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். கீழே ப்ரோட்டோகால் என்ற வரியில் வைஃபை 4, 5, 6 என்று இருக்கும். நெட்வொர்க் பேண்ட் என்ற வரி 2.4ஆ 5ஆ என்று சொல்லும். லிங்க் ஸ்பீட் இணைப்பின் வேகம். டிஸ்க்ரிப்ஷன் என்ற இடத்தில் கார்டின் பெயர் இருக்கும். அதைத் தேடினால் அதன் முழு ஜாதகமும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ப்ரோட்டோகால் வரி இப்போதைய இணைப்பைத்தான் காட்டுகிறது. வைஃபை 6 கார்டு இருந்தும் பழைய ரூட்டரோடு இணைந்திருந்தால் 4 என்றுதான் வரும்.

ரூட்டர் பெயருக்குப் பின்னால் 5ஜி என்று காட்டுகிறதே, மொபைல் டவர் 5ஜியா?

இல்லை. அந்த 5ஜி ஐந்து ஜிகாஹெர்ட்ஸ். மொபைல் 5ஜி ஐந்தாம் தலைமுறை. ரூட்டர் செய்தவர்கள் பெயரைச் சுருக்கி வைத்து என் வேலையைக் கூட்டிவிட்டார்கள்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல். இந்தியாவில் அதில் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கிடைப்பவை 1, 6, 11 மூன்றே. ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் குடியிருக்கின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018 அக்டோபரில் மத்திய அரசு மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது சோம்பேறி. ரூட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5, அதற்கு அப்பால் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேகம் இறங்கினால் வைஃபை குறைகிறதே?

ஊட்டியிலும் குன்னூரிலும் இதை நம்பாத வீடு இல்லை. பனி மூட்டத்தில் பத்தடி தூரத்து வேலி கண்ணுக்குத் தெரிவதில்லை. பிறகு சிக்னல் எப்படிப் போகும் என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால் கண் பார்ப்பது ஒளி. மூடுபனியின் துளிகள் மைக்ரோமீட்டர் கணக்கில் சிறியவை. ஒளியின் அலைநீளம் அதைவிடச் சிறியது, அதனால் துளிகளில் மோதிச் சிதறுகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஐந்தாறு சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு அந்தத் துளி இருப்பதே தெரியாது. வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்கு மூடுபனியின் இழப்பைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். "மழையில் டிடிஹெச் படம் போகிறதே" என்பார்கள். அது 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுவது, வானத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் மழையைக் கடந்து வருவது, துளிகளும் பெரியவை. வேறு கதை.

பிறகு ஏன் பனி நாளில் சுற்றுகிறது? பனி கொட்டினால் எல்லாரும் வீட்டுக்குள். நாலு போன், ஒரு டிவி, பிள்ளையின் லேப்டாப் எல்லாம் ஒரே நேரத்தில். பக்கத்து வீட்டிலும் அப்படியே. இதுதான் முக்கால்வாசிக் காரணம். இரண்டாவது, ரூட்டருக்கும் உங்களுக்கும் நடுவில் மரம் இருந்தால் நனைந்த இலை சிக்னலைக் குடிக்கும். இலையின் மேல் நிற்கும் தண்ணீர் மூடுபனி மாதிரி மெல்லியதில்லை. மூன்றாவது, வெளியே வைத்த ஆண்டெனாவின் இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கும். வெயில் வந்ததும் சரியாகி, பனி வந்ததும் கெட்டால் அதைக் கழற்றிப் பாருங்கள். பச்சை பிடித்திருக்கும்.

பழைய பங்களா வீடு. ஓர் அறையில் பறக்கிறது, அடுத்த அறையில் செத்துவிடுகிறது. ஏன்?

கல் சுவர். வெள்ளைக்காரர் காலத்து வீடுகளில் ஒன்றரை இரண்டு அடி தடிமனில் சுவர் வைத்திருக்கிறார்கள். குளிருக்கு நல்லது, வைஃபைக்கு எமன். சிக்னல் இழப்பை டெசிபலில் சொல்வார்கள்: 3 டெசிபல் போனால் சக்தி பாதி, 10 போனால் பத்தில் ஒன்று, 20 போனால் நூறில் ஒன்று. இப்படிப்பட்ட சுவர் இரண்டைக் கடக்கச் சொன்னால் 5 ஜிகாஹெர்ட்ஸ் கையைத் தூக்கிவிடும்.

சுவரைவிட மோசம் தகரம். தகரக் கூரை, தகரத் தடுப்பு, குளிர் தாங்க அடிக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட், ஆள் உயர நிலைக்கண்ணாடி, கீசர் டேங்க் எல்லாம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மரத் தரை மட்டும் நம் நண்பன். அதனால் மாடி மரத் தரையாக இருந்தால், கீழ் அறைக்குச் சுவர் வழியாகக் கொடுப்பதைவிட மேல் அறையில் ரூட்டரை வைத்துத் தரை வழியாக இறக்குவது எளிது. கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில் ரூட்டரை இரும்பு பீரோவின் மேல், சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். அதை எடுத்து நடு ஹாலில் ஒரு மர ஸ்டூலில் வைத்தேன். ஐந்து நிமிட வேலை. காசு வாங்கவே கூச்சமாக இருந்தது.

சிக்னல் கோடு நாலும் நிறைய இருக்கிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை?

எதிர்ச் சரிவில் தேயிலை பறிப்பவரை மைக் வைத்துக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும். அவர் வெறும் வாயால் பதில் சொன்னால் உங்களுக்குக் கேட்காது. ரூட்டரும் லேப்டாப்பும் அப்படித்தான். ரூட்டரின் குரல் பெரியது, பேட்டரியில் ஓடும் லேப்டாப், போனின் குரல் சின்னது. திரையில் தெரியும் கோடு, ரூட்டரின் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. உங்கள் பதில் அங்கே போய்ச் சேர்வதைப் பற்றி அதற்குத் தெரியாது. வெளிநாட்டிலிருந்து சக்தி அதிகமான ரூட்டர் வாங்கி வந்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். ரூட்டரைப் பக்கத்தில் கொண்டுவருவது ஒன்றே மருந்து.

இன்னொன்று: கோடு நிறைந்தும் எல்லாக் கருவியிலும் நெட் இல்லை என்றால் வைஃபையில் குற்றமில்லை. ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

லேப்டாப் கார்டை மாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். இந்த ஊரில் அதிகம் பேர் செய்யாமல் விடும் வேலை இதுதான். ஒரு நல்ல கார்டு, நல்ல ரூட்டரின் விலையில் பாதிகூட வராது. ஆனால் வாங்கும் முன் நான்கு விஷயம் பார்க்கணும்.

முதலாவது, பொருந்தும் இடம். புதிய லேப்டாப்களில் எம்.2 என்ற சின்னக் கார்டு, பெரும்பாலும் 22க்கு 30 மில்லிமீட்டர். பத்து வருடத்துக்கு முந்தியவற்றில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். ஒன்று மற்றதில் போகாது. ஆண்டெனா ஒயரின் முனையும் வேறு. புதிய கார்டின் முனை இன்னும் சின்னது, அழுத்தினால் உடையும். மெல்லிய லேப்டாப் சிலவற்றில் கார்டை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, இன்டெலின் ஒரு விளையாட்டு. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை இன்டெல், ஏஎம்டி இரண்டு வகை லேப்டாப்பிலும் ஓடும் சாதாரண கார்டுகள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பார்க்க அச்சு அசல் அதே மாதிரி, விலையும் கொஞ்சம் குறைவு. ஆனால் அவற்றின் மூளையில் பாதி இன்டெல் பிராசஸர் பக்கம் இருக்கிறது; அதற்கு ஆதரவுள்ள இன்டெல் லேப்டாப்பில் மட்டும் வேலை செய்யும். ஏஎம்டி லேப்டாப்பில் போட்டால் கார்டு இருப்பதே தெரியாது. கடைசியில் 0 இருக்கிறதா 1 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நானே ஒருமுறை 201ஐ வரவழைத்து, இரண்டு மணி நேரம் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, சில கம்பெனிகளின் பழைய மாடல்களில் பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் மென்பொருள்) தனக்குத் தெரிந்த கார்டை மட்டும் ஏற்றுக்கொள்ளும். வேறு கார்டைப் போட்டால் லேப்டாப் திறக்கும்போதே முறைத்துக்கொண்டு நிற்கும். நான்காவது, ஆண்டெனா. கார்டு இரட்டை ஆண்டெனா கேட்கும், லேப்டாப்பின் மூடிக்குள் ஓர் ஒயர்தான் ஓடுகிறது என்றால் பாதி வேகம் வீண்.

யுஎஸ்பி டாங்கிள் (வெளியே செருகும் வைஃபை கார்டு) போதாதா?

போதும், சரியானதாக இருந்தால். விரல் நகம் அளவு இருக்கும் டாங்கிளை வாங்காதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பெட்டியில் 150 என்று இருக்கும், பெரும்பாலும் 2.4 மட்டும். உள்ளே ஆண்டெனாவுக்கு இடமே இல்லை. பழைய கார்டைவிட மோசமாக ஓடியதையும் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் ஏசி600 என்று இருந்தால் 600 வேகம் வராது. 2.4இல் 150, 5இல் 433, இரண்டையும் கூட்டி, பிறகு கொஞ்சம் மேலே தள்ளி எழுதியது அது. ஏசி1200 என்பது 300ம் 867ம். ரூட்டரிலும் இதே கணக்கு: ஏஎக்ஸ்3000 என்றால் 574ம் 2402ம். ஒரு லேப்டாப் இரண்டு அலைவரிசையிலும் ஒன்றாக ஓடாது, அதனால் பெரிய எண்ணை மட்டும் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளையே 480 எம்பிபிஎஸ்தான் கொடுக்கும், நிஜத்தில் இன்னும் கீழே. 867 டாங்கிளை அதில் செருகுவது, ஆறு இன்ச் குழாய்க்கு அரை இன்ச் டேப் வைப்பது மாதிரி.

யுஎஸ்பி 3.0 துளையில் வேறு ஒரு தொல்லை உண்டு. அதில் ஓடும் தரவு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். இன்டெலே 2012இல் இதை எழுதி வெளியிட்டது. பக்கத்துத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க் வைத்திருந்தால் டாங்கிள் திணறும். ஒரு முழம் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

புது ரூட்டர் போனில் தெரிகிறது. லேப்டாப்பில் பெயரே வரவில்லை.

லேப்டாப்பில் பழைய இன்டெல் கார்டு, பழைய டிரைவரா? வைஃபை 6 ரூட்டர் அனுப்பும் அறிவிப்பைப் புரிந்துகொள்ளாமல், அப்படி ஒரு ரூட்டரே இல்லை என்று விட்டுவிடும். டிரைவரைப் புதுப்பித்தால் பெயர் வந்துவிடும். டிரைவரை இறக்க நெட் வேண்டுமே என்றால் போனின் நெட்டை யுஎஸ்பி ஒயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுங்கள்.

அதிலும் வரவில்லை என்றால் ரூட்டர் 2.4இல் 12 அல்லது 13ஆம் சேனலில் உட்கார்ந்திருக்கலாம். அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த லேப்டாப்பில் பெரும்பாலும் 11க்கு மேல் தெரியாது. பெயர் தெரிகிறது, சேர மட்டும் மாட்டேன் என்கிறது என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 பழைய கார்டுகளுக்குத் தெரியாது. ரூட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறையை வையுங்கள். தொல்லை தீரட்டும் என்று வெப் (WEP) என்ற பழைய பாதுகாப்பு முறைக்கு மட்டும் இறங்காதீர்கள். அதை உடைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஹோம்ஸ்டே நடத்துகிறேன், எட்டு அறை. சீசனில் எல்லாரும் வைஃபை கேட்டுச் சண்டைக்கு வருகிறார்கள்.

மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் இந்தப் போன் எனக்கு நாளுக்கு ஒன்று வரும். காற்று பொதுச் சொத்து. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மலைப்பாதையில் லோடு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார்களைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் நிலைமை. கடைசி அறையில் பழைய போனோடு ஒருவர் மெதுவான இணைப்பில் படம் பார்த்தால், அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாருடைய நேரத்திலிருந்தும் போகிறது. வைஃபை 6 இந்த நெரிசலுக்காகவே செய்தது. ஒரு சேனலைத் துண்டு போட்டு ஒரே நேரத்தில் பலருக்குக் கொடுக்கும். ஆனால் விருந்தாளியின் போனும் வைஃபை 6ஆக இருந்தால்தான் அதன் பலன்.

ரிப்பீட்டர் வாங்கி அடுக்காதீர்கள். ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பிக் கொடுக்கும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். அதன் பின்னால் இன்னொன்று வைத்தால் பாதியில் பாதி. வராந்தா ஓரமாக ஈதர்நெட் ஒயரை இழுத்து, இரண்டு மூன்று அறைக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட் (ஒயரில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைத்துவிடுங்கள். ஒயர் ஓட்டுவது அசிங்கமாக இருக்கிறது என்று ஓர் அம்மா மறுத்தார். ரிப்பீட்டர் மூன்று வாங்கிய பிறகு அவரே ஆள் அனுப்பி ஒயர் ஓட்டச் சொன்னார்.

எஸ்டேட் பங்களாவிலிருந்து எதிர் மேட்டில் இருக்கும் ஆபீசுக்கு வைஃபை கொடுக்கலாமா?

ரூட்டரால் முடியாது. இரு பக்கமும் குறிவைத்த 5 ஜிகாஹெர்ட்ஸ் ஆண்டெனா வைத்தால் முடியும். ஒன்றை ஒன்று கண்ணால் பார்க்க வேண்டும், அந்தப் பார்வைக் கோட்டின் மேலும் கீழும் கொஞ்சம் இடமும் காலியாக இருக்க வேண்டும். மூடுபனிக்குப் பயப்பட வேண்டாம், தேயிலைக்கு நடுவே நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்குக்குப் பயப்படுங்கள். வைத்த அன்று கோடு காலியாக இருக்கும், மூன்று வருடத்தில் மரம் நடுவில் வந்து நிற்கும்.

இப்போதே வைஃபை 6ஈ, 7 வாங்கலாமா?

6ஈ என்பது வைஃபை 6தான், 6 ஜிகாஹெர்ட்ஸ் என்ற புது இடம் சேர்ந்தது. இந்தியாவில் அதன் கீழ்ப் பகுதியான 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை திறப்பதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம் வந்தன. விண்டோஸில் 6 ஜிகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் விண்டோஸ் 11 தேவை. வைஃபை 7 அதிலும் ஒரு படி மேலே, 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை போகும். ஆனால் 6 ஜிகாஹெர்ட்ஸ் நம் கல் சுவருக்கு 5ஐவிடவும் பயந்த பிள்ளை. வீட்டு நெட் 100, 200 எம்பிபிஎஸ் என்றால் இரட்டை ஆண்டெனா வைஃபை 6 கார்டும் ரூட்டரும் தாராளம். புது லேப்டாப்பிலேயே 7 வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தனியாகக் காசு கொடுத்துத் தேடிப் போக வேண்டாம்.

இடி மின்னலுக்கு வைஃபையை அணைக்கணுமா?

அலை வழியாக மின்னல் வராது. ஒயர் வழியாக வரும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் ரூட்டரின் பவர் அடாப்டரும், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியே தொங்கவிட்ட ஈதர்நெட் ஒயரும் நல்ல பாதை. சித்திரை மழையிலும் ஐப்பசி மழையிலும் போர்ட் கருகிய ரூட்டர் எனக்கு வந்துகொண்டே இருக்கும். இடி வருவதற்கு முன்பே இரண்டையும் பிடுங்கி வையுங்கள். மறுபடி செருகிய பிறகு 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் உடனே வராவிட்டால் பதற வேண்டாம். சில சேனல்களில் ராடார் ஏதும் ஓடுகிறதா என்று ரூட்டர் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கும்.